உடைந்த வடிகால் மூடி, முறிந்த கால்: மாநகராட்சியிடம் இழப்பீடு பெற்ற ஒரு வழக்கின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தமிழ்நாட்டின் ஒரு மாநகராட்சி. வீடுகளும் கடைகளும் கலந்த, பேருந்து ஓடும் சாலை. நம் ஊர்களில் பெரும்பாலும் இருப்பதுபோல அங்கும் நடைபாதை என்று தனியாக ஒன்று கிடையாது. மழைநீர் வடிகாலின் மேல்தளம்தான் நடைபாதை. தூர்வாருவதற்காகச் சில மீட்டருக்கு ஒன்றாகத் திறப்பு விட்டு, அதன்மேல் கான்கிரீட் மூடி போட்டிருப்பார்கள். வடிகாலைப் பார்ப்பது ஒரு பிரிவு, நடைபாதையைப் பார்ப்பது இன்னொரு பிரிவு, தெருவிளக்கு மூன்றாவது பிரிவு. நடப்பவருக்கு மூன்றும் ஒரே இடம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, ஆகஸ்ட் 2017-ல், ஒப்பந்ததாரர் மூலம் இந்த வடிகால் தூர்வாரப்பட்டது. மூடிகளைக் கடப்பாரையால் நெம்பித்தான் தூக்குவார்கள். நெம்பும் இடத்தில் மூடியின் விளிம்பு சிதறும். சிதறிய மூடியை அப்படியே திருப்பி வைத்துவிட்டுப் போவதுதான் இத்தனை விபத்துகளுக்கும் மூலம்.

அக்டோபர் மூன்றாம் வாரம், மாலை ஏழரை மணி. தூறல். அந்த இடத்துத் தெருவிளக்கு எரியவில்லை. வீட்டிலேயே தையல் தொழில் செய்துவந்த 46 வயதுப் பெண் ஒருவர் நடந்துவரும்போது மூடியின் ஓரத்தில் கால் வைத்தார். மூடி சாய்ந்தது. வலது கால் வடிகாலுக்குள் இறங்கி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிந்தது. மறுநாள் அறுவை சிகிச்சை செய்து தட்டும் திருகும் பொருத்தினார்கள். ஐந்து மாதம் தொழில் இல்லை.

## முதல் நான்கு நாட்களில் பதிவானவை

நான்காம் நாள் காலையில் மாநகராட்சி ஆட்கள் வந்து புது மூடி போட்டார்கள். அது நல்ல காரியம்தான். ஆனால் அதோடு சாட்சியமும் போயிற்று. இந்த வகை வழக்குகளில் பழுதைச் சரிசெய்வதே ஆதாரத்தை அழிக்கிறது. அதற்கு முன்பு எடுக்கப்பட்டவைதான் கடைசிவரை வழக்கைத் தாங்கின.

பாதிக்கப்பட்டவரின் மகன் அன்றிரவே கைப்பேசியில் படம் எடுத்தார். இரவுப் படங்கள் தெளிவில்லை. ஆனாலும் விளக்கு எரியாததை அவை காட்டின. மறுநாள் பகலில், ஒரு வழக்கறிஞர் சொன்னபடி, மூன்று தூரங்களில் படம் எடுக்கப்பட்டது: எதிரே உள்ள கட்டடத்தோடு சேர்த்து தெருவின் அகலப் படம், பக்கத்து மின்கம்பத்தின் எண் தெரியும்படி நடுத்தூரப் படம், மூடியின் விளிம்பருகே டேப் வைத்து நெருங்கிய படம். மின்கம்ப எண் இல்லாமல் போயிருந்தால், "இது எங்கள் தெருதானா?" என்ற கேள்விக்கே ஓராண்டு போயிருக்கும்.

நெருங்கிய படத்தில் தெரிந்தது இதுதான். திறப்பு 600 மி.மீ. சதுரம், மூடி 700 மி.மீ. சதுரம். அதாவது ஒவ்வொரு பக்கமும் 50 மி.மீ. அகலத்துக்கு மூடி வடிகால் சுவரின் மேல் உட்கார வேண்டும். ஒரு பக்கம் ஏறத்தாழ 40 மி.மீ. அளவுக்கு விளிம்பு சிதறிப்போய், 10 மி.மீ. மட்டுமே சுவரில் தொற்றிக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் மூடி முழுதாக இருப்பதுபோலவே தெரியும். அந்த ஓரத்தில் எடை விழுந்தால் மட்டும் கவிழும். உடைந்த முகப்பின் நிறம் இன்னும் முக்கியம். புதிதாக உடைந்த கான்கிரீட் வெளுப்பாக, சுத்தமாக இருக்கும். இதில் உடைந்த முகம் கறுத்து, சேறு படிந்து, வெளியே நீட்டிய கம்பியில் துருப்பிடித்து, துருவின் கறை கான்கிரீட்டில் கீழே வழிந்திருந்தது. நேற்று உடைந்தது அல்ல என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எதிர்க்கடையின் கேமராப் பதிவு கிடைக்கவில்லை. கேட்டபோது மூன்று வாரம் கடந்திருந்தது, பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிட்டது. கடைக் கேமராக்களில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரப் பதிவுதான் தங்கும். முதல் இரண்டு நாளுக்குள் எழுத்தில் கேட்டு, பென் டிரைவில் வாங்கிவிட வேண்டும்.

மருத்துவப் பதிவிலும் ஒரு சிக்கல் இருந்தது. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். காப்பி என்பார்களே அதில், "சாலையில் வழுக்கி விழுந்ததாகக் கூறினார்" என்று மட்டும் எழுதியிருந்தது. வடிகால் மூடி என்ற சொல்லே இல்லை. வலியில் இருப்பவர் விவரமாகச் சொல்வதில்லை, பணியிலிருக்கும் மருத்துவரும் விவரமாகக் கேட்பதில்லை. பிறகு மாநகராட்சி இந்த வரியைத்தான் முதல் ஆயுதமாக எடுத்தது. தூக்கிச்சென்ற ஆட்டோ ஓட்டுநரும் பக்கத்துக் கடைக்காரரும் சாட்சி சொன்னதால் அது முறிந்தது.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனு பெறப்பட்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கப்பட்டது. அன்றைய தேதியில், அந்த இடத்தில், இந்தக் காரணத்தால் விழுந்ததாகப் புகார் இருக்கிறது என்பதற்கு அது போதும். குற்ற வழக்காக வற்புறுத்த வேண்டாம் என்று முடிவாயிற்று. குற்ற வழக்கில் ஒரு தனி நபரின் கடும் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். புலன்விசாரணை நிலுவையில் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(எச்) பிரிவைக் காட்டி ஆவணங்களை மறுக்கவும் வழி கிடைத்துவிடும்.

## யாருடைய மூடி, எப்போதிலிருந்து தெரியும்

வழக்கின் உயிர் இந்த இரண்டு கேள்விகளில் இருந்தது. காயம் எவ்வளவு பெரிது என்பது தொகையைத் தீர்மானிக்கும், பொறுப்பைத் தீர்மானிக்காது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கில் (1966) மாநகராட்சியே பொறுப்பு என்றது நீதிமன்றம்: தன் கட்டுப்பாட்டில் உள்ள கட்டுமானம் சாலையில் போவோர்மேல் விழுந்தால், நிகழ்வே அலட்சியத்தைப் பேசும். ஸ்கூட்டரில் சென்றவர்மேல் மரக்கிளை முறிந்து விழுந்த டெல்லி மாநகராட்சி எதிர் சுசீலா தேவி வழக்கிலும் (1999) மாநகராட்சி பொறுப்பாக்கப்பட்டது. ஆனால் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் (1997), நடந்து சென்றவர்மேல் சாலையோர மரம் விழுந்தும் இழப்பீடு மறுக்கப்பட்டது. ஆபத்து முன்கூட்டியே அறியக்கூடியதாக இருந்தது என்று காட்டப்படவில்லை என்பதே சாரம். ஆகவே ராஜ்கோட் தீர்ப்பின் பிடியிலிருந்து விலக, மாநகராட்சிக்கு முன்பே தெரியும் அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஆவணத்தால் காட்டியாக வேண்டியிருந்தது.

நவம்பர் முதல் வாரத்தில் தகவல் உரிமை மனு போடப்பட்டது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. "நடைபாதை பற்றிய விவரம் தருக" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கேட்டவை இவை: அந்தச் சாலையில் கடந்த 12 மாதத்தில் பதிவான புகார்கள், ஒவ்வொன்றும் முடிக்கப்பட்ட தேதியுடன், தூர்வாரும் பணியின் மதிப்பீடு, வேலை ஆணை, ஒப்பந்த நகல், செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் அந்தப் பணிக்கான பக்கங்கள், சாலை வெட்ட யாருக்காவது அனுமதி தரப்பட்டிருந்தால் அதன் நகல், தெருவிளக்குப் பராமரிப்புப் பதிவேடு, அந்த வார்டின் உதவிப் பொறியாளர், இளநிலைப் பொறியாளர் பணிப் பங்கீடு. இதேபோன்ற தனி மனு நெடுஞ்சாலைத் துறைக்கும் போனது.

முதல் பதில் அரைகுறை. "கோப்பு மண்டல அலுவலகத்தில் உள்ளது" என்றார்கள். 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்தபின் ஜனவரியில் நகல்கள் வந்தன. இரண்டு காகிதங்கள் வழக்கைத் திருப்பின.

முதலாவது, புகார்ப் பதிவேடு. விபத்துக்கு 41 நாள் முன்பு, அதே மின்கம்ப எண்ணைக் குறிப்பிட்டு, "மூடி ஆடுகிறது" என்று யாரோ ஒரு குடியிருப்பாளர் புகார் செய்திருந்தார். மூன்றாம் நாள் "பணி முடிந்தது" என்று அது மூடப்பட்டிருந்தது. என்ன பணி, யார் செய்தார் என்பதற்கு வேறு பதிவு எதுவும் இல்லை.

இரண்டாவது, அளவுப் புத்தகம். தூக்கிய மூடிகள் 38, திருப்பி வைத்தவை 38. மதிப்பீட்டில் உடைந்தவற்றுக்குப் பதிலாக 4 புது மூடிகளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அளவுப் புத்தகத்தில் புது மூடி பூஜ்யம். 38 மூடிகளைக் கடப்பாரையால் தூக்கி வைத்து ஒன்றுகூடச் சேதமாகவில்லை என்று ஒரு பொறியாளர் கையெழுத்திட்டிருக்கிறார் என்பது அதன் பொருள்.

நெடுஞ்சாலைத் துறையின் பதில் மூன்றாவது கதவைத் திறந்தது. தார்ப் பரப்பு மட்டுமே தங்களுடையது, வடிகாலும் அதன் மேல்தளமும் 2011-லேயே மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன என்று ஒப்படைப்புக் கடித நகலையே இணைத்திருந்தார்கள்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எந்த மன்றம் என்பது முதல் கேள்வி. உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் உறுப்பின் கீழ் நீதிப்பேராணை மனு போடலாம். நீலாபதி பெஹரா வழக்கு (1993) முதல் அடிப்படை உரிமை மீறலுக்கு அங்கேயே இழப்பீடு தரப்படுகிறது. ஆனால் உண்மை விவரங்களே தகராறில் இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். இங்கே மூடி யாருடையது, எப்படி விழுந்தார் எல்லாமே தகராறு. மரணம், ஒப்புக்கொள்ளப்பட்ட திறந்த குழி போன்ற வழக்குகளுக்குத்தான் அந்த வழி பொருந்தும்.

நிரந்தர மக்கள் நீதிமன்றம் இரண்டாவது வழி. கட்டணம் இல்லை, சமரசம் ஏற்படாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லலாம். ஆனால் "பொதுப் பயன்பாட்டுச் சேவை" பற்றிய தகராறாக இருக்க வேண்டும். மழைநீர் வடிகால் துப்புரவு அமைப்பின் பகுதி என்று வாதாட இடமுண்டு. நடைபாதை என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் அதிகார வரம்பே முதல் சண்டையாகும். அங்கே மனு நிலுவையில் இருக்கும்போது வேறு நீதிமன்றத்துக்கும் போக முடியாது. கெடு ஓடிக்கொண்டிருந்த நிலையில் அந்த அபாயம் வேண்டாம் என்று, உரிமையியல் வழக்கே தேர்ந்தெடுக்கப்பட்டது.

கெடுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் பலர் வழக்கையே இழக்கிறார்கள். மூன்றாண்டு இருக்கிறது என்று நம்பிக் காத்திருப்பார்கள். காலவரையறைச் சட்டத்தின் 72-ஆம் இனம், சட்டத்தின்படி செய்ததாகவோ செய்யாமல் விட்டதாகவோ சொல்லப்படும் செயலுக்கு ஓராண்டு மட்டுமே தருகிறது. பழைய உள்ளாட்சிச் சட்டங்கள் சிலவற்றில் ஆறு மாதக் கெடுவும் இருந்தது. எது பொருந்தும் என்று பின்னால் வாதாடிக்கொள்ளலாம். மிகக் குறுகிய கெடுவுக்குள் தாக்கல் செய்துவிடுவது என்று முடிவாயிற்று. அரசுத் துறைக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 80-ன்படி இரண்டு மாத முன்னறிவிப்பு கட்டாயம். மாநகராட்சிக்கும் தனி அறிவிப்பு. ஆவணங்கள் முழுதாக வரும்வரை காத்திராமல் டிசம்பர் இரண்டாம் வாரமே இரண்டு அறிவிப்புகளும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் போயின. மார்ச் 2018-ல், விபத்து நடந்து ஆறு மாதம் முடியும் முன், வழக்கு தாக்கலானது.

யார் யாரைச் சேர்ப்பது? மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, ஒப்பந்ததாரர் மூவரும் சேர்க்கப்பட்டனர். நெடுஞ்சாலைத் துறையின் கடிதம் கையில் இருந்தும் அதைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பிறகு ஒரு தரப்பைச் சேர்த்தால், காலவரையறைச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி, அவரைப் பொறுத்தவரை சேர்த்த நாளில்தான் வழக்கு தொடங்கியதாகக் கொள்ளப்படும். அதற்குள் கெடு போயிருக்கும்.

கோரிய தொகை 12 லட்சம். 3 சதவீதம் என்றால் நீதிமன்றக் கட்டணம் 36,000 ரூபாய். சட்டப் பணிகள் அதிகாரச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகப் போனதால் இந்தச் செலவு அவர் தலையில் விழவில்லை. இது தெரியாமல் நகையை அடகு வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

## விசாரணை

மாநகராட்சியின் எதிர்வாதங்கள் ஐந்து. சாலை எங்களுடையது அல்ல, ஒப்பந்ததாரர்தான் பொறுப்பு, மேலே ஏறி நிறுத்தும் வண்டிகள்தான் மூடியை உடைத்தன, மழை, அவர் பார்த்து நடந்திருக்க வேண்டும்.

முதலாவது 2011 கடிதத்தோடு முடிந்தது. இரண்டாவதற்கு, பொதுமக்கள்பால் உள்ள சட்டக் கடமையை ஒப்பந்தத்தால் கைமாற்ற முடியாது என்பதே பதில். இழப்பை ஒப்பந்ததாரரே ஈடுகட்ட வேண்டும் என்ற ஈட்டுறுதிப் பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால் மாநகராட்சி அவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். காயம்பட்டவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வண்டி வாதம் வலுவானது. மூடிகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 12592, தாங்கும் சுமையைப் பொறுத்து 2.5, 10, 20, 35 டன் என்று வகை பிரிக்கிறது. ஆள் நடக்கும் இடத்துக்கு 2.5 டன் வகை போதும், வண்டி ஏறினால் போதாது. கடைவாசல்களில் வண்டி ஏறுவது மாநகராட்சிக்குத் தெரியாத விஷயமல்ல; ஒன்று கனமான வகையைப் போட்டிருக்க வேண்டும், அல்லது தடுப்புக் கம்பம் நட்டிருக்க வேண்டும். தவிர, கடப்பாரை நெம்பிய விளிம்புச் சிதறலும் சக்கரம் ஏறி நடுவில் விரிவதும் வேறு வேறு மாதிரி உடைவுகள். படத்தில் மூடியின் நடுப்பகுதியில் விரிசலே இல்லை. குறுக்கு விசாரணையில் உதவிப் பொறியாளர் இதை ஒப்புக்கொண்டார்.

"பார்த்து நடந்திருக்க வேண்டும்" என்ற வாதம் ஓரளவு எடுபட்டது. நீதிமன்றம் 15 சதவீதப் பொறுப்பை விழுந்தவர்மேல் வைத்து, இழப்பீட்டில் அந்த அளவைக் கழித்தது. அந்தத் தெருவில் வசிப்பவர், மழை நேரம், விளக்கில்லை, அதனால் கூடுதல் கவனம் தேவை என்றது தீர்ப்பு. மேலிருந்து பார்த்தால் முழுதாகத் தெரியும் மூடியை எவ்வளவு கவனித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கழிவு நியாயமல்ல என்றே கருத வேண்டியிருக்கிறது. நெருங்கிய படத்தோடு, நிற்பவரின் கண் உயரத்திலிருந்து எடுத்த ஒரு படமும் இருந்திருந்தால் இந்தக் கழிவு குறைந்திருக்கலாம்.

கைப்பேசிப் படங்களைச் சான்றாவணமாகக் குறியீடு செய்வதிலும் தடை எழுந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் எடுத்த தேதி, நேரம் போன்ற உள்விவரம் அழிந்துவிடும். மூலக் கோப்பு கைப்பேசியில் அப்படியே இருந்ததால், குறுந்தகட்டில் ஏற்றி, மின்னணுச் சான்றுக்கு அன்றைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்றிதழுடன் தாக்கலானது.

## தீர்ப்பும் தொகையும்

ஆகஸ்ட் 2022-ல் தீர்ப்பு. நெடுஞ்சாலைத் துறை விடுவிக்கப்பட்டது. மாநகராட்சி பொறுப்பு, ஒப்பந்ததாரரிடம் வசூலிக்க அதற்கு உரிமை உண்டு.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. வாடிக்கையாளர்களின் அளவு நோட்டும் நூல், லைனிங் வாங்கிய ரசீதுகளும் காட்டப்பட்டன. மாதம் 9,000 ரூபாய் ஏற்கப்பட்டது. மருத்துவக் குழு காலுக்கு 24 சதவீத ஊனம் என்றது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பின்படி (2011) உறுப்பின் ஊனமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல. தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்துக்கொள்ளலாமே என்றது மாநகராட்சி. மோட்டார் மெஷினிலும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது வலது கால்தான் என்று சாட்சியத்தில் காட்டப்பட்டது. திறன் இழப்பு 20 சதவீதம் என்று கொள்ளப்பட்டது.

மோட்டார் வாகன வழக்குகளின் கணக்கு முறையையே நீதிமன்றம் பின்பற்றியது. 9,000-உடன் எதிர்கால உயர்வு 25 சதவீதம் சேர்த்து 11,250. அதை 12 மாதம், எத்தனை ஆண்டு வருமானம் என்று வயதுக்கேற்பச் சொல்லும் பெருக்கி (46 வயதுக்கு 13), திறன் இழப்பு 20 சதவீதம் ஆகியவற்றால் பெருக்கினால் 3,51,000. மருத்துவச் செலவு 1,42,000, ஐந்து மாத வருமான இழப்பு 45,000, உதவியாள், போக்குவரத்து, சத்துணவு 35,000, வலிக்கும் வாழ்க்கை வசதி இழப்புக்கும் 75,000, தட்டை எடுக்கும் எதிர்கால அறுவைக்கு 40,000. மொத்தம் 6,88,000. 15 சதவீதம் கழித்து 5,84,800, வழக்கு நாள் முதல் 6 சதவீத வட்டி.

மாநகராட்சி மேல்முறையீடு செய்தது. பாதித் தொகையைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன் தடையாணை கிடைத்தது. 2023-ல், வட்டியோடு ஏறத்தாழ 7,60,000 ஆகியிருந்த நிலையில், தேசிய மக்கள் நீதிமன்றத்தில் 6,80,000-க்கு முடித்துக்கொள்ள இரு தரப்பும் ஒப்பின. சுமார் 80,000 ரூபாயை விட்டுக்கொடுத்ததற்குக் காரணம், மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை, மகளின் படிப்புக்குப் பணம் அந்த ஆண்டே தேவைப்பட்டது. அது அவருடைய முடிவு. எட்டு வாரத்தில் வங்கிக் கணக்கில் பணம் வந்தது.

## இன்று இதே வழக்கு என்றால்

மருத்துவமனையில் சேர்க்கும்போதே "நடைபாதை வடிகால் மூடி சாய்ந்து விழுந்தார்" என்று சொல்லி எழுதவைக்க வேண்டும். எழுதியதைப் படித்துப் பார்க்க வேண்டும். தவறாக இருந்தால் அன்றே மருத்துவ அலுவலரிடம் மனு கொடுக்கலாம்.

புது மூடி போட வரும்போது பழைய மூடியை எடுத்துச் செல்வார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு ஆவண நகலை மட்டுமல்ல, பணியை நேரில் ஆய்வு செய்வதையும் பொருளின் சான்றிட்ட மாதிரியையும் கேட்க உரிமை தருகிறது. இந்த வழக்கில் அது பயன்படுத்தப்படவில்லை. பழைய மூடியைப் பாதுகாத்து வைக்கும்படி முதல் வாரமே ஆணையருக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கலாம்.

சட்டமும் மாறியிருக்கிறது. மின்னணுச் சான்றுக்கு இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு. சான்றிதழில், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பையும் தர வேண்டும், ஒரு பகுதியில் நிபுணர் கையொப்பமும் வேண்டும். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 ஏப்ரல் 2023 முதல் நடைமுறையில் இருப்பதால், அறிவிப்பு, கெடு பற்றிய விதிகளைப் பழைய சட்டத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. மே 2025-ல் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் உறுப்பின் கீழ் உள்ள உரிமை என்று ராஜசேகரன் வழக்கில் கூறியது. அக்டோபர் 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், சாலைக் குழி, திறந்த மேன்ஹோல் விபத்துகளில் மரணத்துக்கு 6 லட்சமும் காயத்துக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரையும் இழப்பீடு வகுத்தது. தமிழ்நாட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் முன்னறிவிப்புக் கடிதத்தில் மேற்கோள் காட்டத் தகுந்தது.

நடைபாதையின் வடிவமைப்பே சரியில்லை என்ற வாதமும் இதில் எழுப்பப்படவில்லை. இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி குடியிருப்புப் பகுதியில் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் கேட்கிறது, நடைபாதை விளிம்பின் உயரம் 150 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. அந்த இடத்தில் மின்பெட்டியும் கடைப்பலகையும் போக மிஞ்சியது ஒரு மீட்டர் சொச்சம். மூடியைத் தவிர்த்து ஒதுங்கி நடக்க அங்கே இடமே இல்லை. அந்த ஒரு அளவீடு கோப்பில் இருந்திருந்தால், 15 சதவீதக் கழிவுக்கு அதுவே நேரடிப் பதிலாகியிருக்கும்.